பழவேற்காட்டு நிலத்தரகும் பிரிந்து சென்ற முகவர்களும்

நிலத்தரகு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள் இரு வகைப்படுவர்: கணக்கெழுதவும் தொலைபேசி எடுக்கவும் வண்டி ஓட்டவும் மாதச் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட பணியாளர்கள் ஒரு வகை, சம்பளம் எதுவுமின்றி, கிரயம் பதிவான பிறகு வரும் தரகுத்தொகையில், அதாவது எல்லோரும் கமிஷன் என்று சொல்லும் விழுக்காட்டில், தம் பங்கைப் பெற்றுக்கொள்ளும் முகவர்கள் மற்றொரு வகை. பணியாளர் விலகினால் அவருடைய வேலையை இன்னொருவர் ஏற்க வேண்டும், அவ்வளவே. முகவர் விலகும்போதோ அவர் அழைத்துவந்த நில உடைமையாளர்களும், வாங்க வந்தவர்களும், அவர் கைவழியாக வந்த அச்சாரப் பணமும், அவர் வாயால் சொன்ன உறுதிகளும் பாதி அவரோடும் பாதி அலுவலகத்தோடுமாக நின்றுவிடுகின்றன. பழவேற்காடு ஏரியை ஒட்டிய மீனவக் குப்பங்களில் இந்த நிலை மேலும் சிக்கலானது. அங்கே முகவர் என்பவர் ஓர் அலுவலகத்தின் ஆளாக அறியப்படுவதற்கு நெடுநாள் முன்பே ஒருவருக்கு மைத்துனராகவும் இன்னொருவருக்குச் சித்தப்பா மகனாகவும் மற்றொருவரோடு ஒரே வலையில் கை பிடித்தவராகவும் அறியப்பட்டவர். பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குச் செல்லும் சாலையில் இயங்கிய அத்தகைய ஓர் அலுவலகத்தில் கணக்கையும் ஆட்களையும் சேர்த்துக் கவனித்துவந்த மேலாளர் ஒருவரின் நினைவில் நிற்கும் விலகல்களை, அவை தீர்க்கப்பட்ட விதத்தோடு, இக்கட்டுரை பதிவுசெய்கிறது.

அந்தச் சாலையில் தரகு அலுவலகங்கள் பெருகியதற்குக் காரணங்கள் வெளியிலிருந்து வந்தவை. எண்ணூர்த் துறைமுகம் 2001இல் திறக்கப்பட்டது. அதற்கு வடக்கே காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் அடுத்த பத்தாண்டின் தொடக்கத்தில் எழுந்தன. ஏரியின் மேற்கே, ஆந்திர எல்லைக்குள், தடாவை அடுத்து ஸ்ரீசிட்டி என்னும் சிறப்புப் பொருளாதார மண்டலம் 2008இல் தொடங்கப்பட்டது. 2014 ஜூலையில் தாக்கல் செய்யப்பட்ட ஒன்றிய அரசின் நிதிநிலை அறிக்கையில், சென்னை – பெங்களூரு தொழில் வழித்தடத்தில் அமையவிருக்கும் திறன்மிகு நகரங்களுள் ஒன்றாகப் பொன்னேரியின் பெயர் இடம்பெற்றது. அந்த அறிவிப்புக்குப் பின் நெல் விளைந்த வயல்களிலும் சவுக்குத் தோப்புகளிலும் வெள்ளைக் கல் நட்டு, வண்ணக் கொடி கட்டி, மனைப்பிரிவுகள் போடப்பட்டன. சென்னையிலிருந்து ஞாயிறுதோறும் வேன்களில் அழைத்துவரப்பட்டவர்களுக்கு மனை காட்டவும், மோர் கொடுக்கவும், திரும்பும் முன் ஒரு சிறு தொகையையாவது அச்சாரமாக வாங்கிவைக்கவும் ஆட்கள் தேவைப்பட்டனர். அச்சாரம் என்பது பேரம் உறுதியானதற்கு அடையாளமாக வாங்குபவர் முதலில் கொடுக்கும் தொகை. அதற்கு அலுவலகத்தின் பெயர் அச்சிட்ட சீட்டு கிழித்துத் தரப்படும். அந்தச் சீட்டுப் புத்தகம் பெரும்பாலும் முகவர் கையிலேயே இருக்கும்.

குப்பத்து இளைஞர்கள் இந்த வேலைக்கு வந்ததற்கு ஏரியின் நிலையும் ஒரு காரணம். முகத்துவாரம், அதாவது ஏரி கடலோடு கலக்கும் வாய், மணல் மேடிட்டு அடைபடும் மாதங்களில் உப்புநீரும் இறாலும் உள்ளே வருவது குறைந்து, பாடு கிடைத்த நாளிலும் வலை வெறுமையாக வந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். பாடு என்பது ஏரியில் சுத்துவலை கட்டும் இடங்களைப் பங்கிட்டுக்கொள்ளும் பழைய ஏற்பாடு; கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் போன்ற ஊர்களில் தலைக்கட்டில் பெயர் உள்ளவர்கள் சீட்டுக் குலுக்கி, முறைவைத்து இறங்குவார்கள். பெயர் இருந்தும் வருமானம் இல்லாத வீடுகளிலிருந்தும், பெயரே இல்லாத வீடுகளிலிருந்தும் இளைஞர்கள் தரகுக்கு வந்தனர். அலுவலகத்துக்கு அவர்கள் மிகவும் வேண்டியவர்களாக இருந்தனர். குப்பங்களில் பல வீடுகள் நத்தம் புறம்போக்கில், பட்டா இல்லாமல் நிற்பவை; ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயம்; ஓதம் ஏறி இறங்கும் நீர்நிலைகளின் கரையில் 100 மீட்டர் அல்லது அந்நீர்நிலையின் அகலம், இவற்றுள் எது குறைவோ அதுவரையிலான நிலத்தில் அப்போது நடப்பிலிருந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 2011இன்படி கட்டுப்பாடுகள் இருந்தன. எந்த நிலம் விற்கத்தக்கது, எதில் பங்காளிச் சண்டை இருக்கிறது, எது மழைக்காலத்தில் ஏரி நீருக்குள் போய்விடும் என்பவற்றையெல்லாம் வில்லங்கச் சான்று சொல்லாது. குப்பத்து ஆள் சொல்வார்.

2016ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இந்தத் தொழில் சில வாரங்களுக்குள் நின்றுபோனது. வழக்கறிஞர் யானை ராஜேந்திரன் தொடுத்த பொதுநல வழக்கில், அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவுசெய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் செப்டம்பர் 9 அன்று இடைக்காலத் தடை விதித்தது. அத்தகைய மனைகளின் பதிவை மறுக்க வகைசெய்து பதிவுச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்திருந்த 22–அ பிரிவு அக்டோபர் 20 அன்று நடைமுறைக்கு வந்தது. நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவையாக அறிவிக்கப்பட்டன. நகரமைப்புத் துறையின் ஒப்புதல் பெறாமல், ஊராட்சித் தலைவரின் கையெழுத்தை மட்டும் காட்டி விற்கப்பட்டுவந்த மனைகளே அந்தச் சாலையின் பெரும்பகுதிச் சரக்கு. ரொக்கமே அதன் பெரும்பகுதிப் பணம். மூன்று அடிகளும் அடுத்தடுத்து விழுந்தபோது பொன்னேரி சார்பதிவாளர் அலுவலகத்தின் வாசலில் பத்திர எழுத்தர்கள் வேலையின்றி அமர்ந்திருந்த காட்சி, அன்றாடம் அங்கே சென்றுவந்த மேலாளருக்கு இன்றும் மறக்கவில்லை.

ஆட்கள் விலகியதில் ஒரு வரிசை இருந்தது. ஞாயிறு வேன்கள் நின்றவுடன் ஓட்டுநர்கள் முதலில் போனார்கள். அவர்களுக்கு எண்ணூர்ப் பக்கம் சரக்கு வண்டிகளில் வேலை இருந்தது. அடுத்து, வாரத்துக்கு ஒரு கிரயமாவது முடித்துவந்த திறமையான முகவர்கள் விலகினர். அங்கீகாரம் பெற்ற மனைகளை விற்கும் பெரிய நிறுவனங்கள் அவர்களைத் தேடி எடுத்துக்கொண்டன. நடுத்தரமான முகவர்கள் விலகுவதாகச் சொல்லாமலே வருவதை நிறுத்தினர். அவர்களில் பலர் அதிகாலையில் மறுபடி ஏரியில் இறங்கியிருந்தனர். கடைசிவரை இருந்தவர்கள், வேறு எங்கும் போக இடமில்லாத பெண் பணியாளர்கள். ஆகவே எல்லா விலகல்களுக்கும் ஒரே முறை பொருந்தும் என்று எண்ணுவது பிழை. சொல்லிக்கொண்டு போனவரோடு கணக்கைத் தீர்க்க வேண்டியிருந்தது. சொல்லாமல் நின்றவரிடம், அவர் விலகிவிட்டாரா என்பதையே முதலில் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது.

தீர்க்க வேண்டியவற்றுள் கடினமானது முடியாத கிரயங்களின் கமிஷன். முகவர் ஒருவர் வாங்குபவரை அழைத்துவந்து, அச்சாரம் போட்டு, பாதி வேலை முடிந்த நிலையில் விலகுகிறார். தடை தளர்ந்து, பல மாதங்கள் கழித்து, வேறொரு முகவரின் முயற்சியில் அதே கிரயம் பதிவாகிறது. இதில் யாருக்கு எவ்வளவு என்பதே கேள்வி. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 219ஆம் பிரிவு, வேறு உடன்பாடு இல்லாதபோது, ஒப்படைத்த செயல் முடிந்த பிறகே முகவருக்கான ஊதியம் கொடுக்கப்படத் தக்கதாகும் என்கிறது. அதைக் காட்டி, விலகியவருக்கு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்ட அலுவலகங்கள் அந்தச் சாலையில் இருந்தன. அப்படிச் சொல்வது வசதியானது, ஆனால் நியாயமன்று. தொழில் நின்றது முகவரால் அல்ல, வாங்குபவரைக் கண்டுபிடிக்கும் அரிய வேலையை அவர் ஏற்கெனவே செய்து முடித்திருந்தார். மேலாளரின் வற்புறுத்தலால் இந்த அலுவலகம் வேறு வழியை எடுத்தது. விலகுபவரை அமரவைத்து, அவர் கையில் நிற்கும் பேரங்களை ஒவ்வொன்றாக எழுதி, வாங்குபவர் யார், நிலம் எது, அச்சாரம் எவ்வளவு, எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பவற்றைக் குறித்து, அந்தப் பட்டியலில் இரு தரப்பும் கையெழுத்திட்டன. பட்டியலில் உள்ள கிரயம் பின்னர் பதிவானால் தரகுத்தொகையில் குறிப்பிட்ட பங்கு அவருக்குரியது என்று அதிலேயே எழுதப்பட்டது. பட்டியல் எழுதும் அந்த ஒரு மாலைப் பொழுதில் பெரும்பாலான மனத்தாங்கல்கள் கரைந்தன. எழுதப்படாத பேரங்களைப் பற்றித்தான் பின்னர் வாக்குவாதங்கள் எழுந்தன.

அதே சட்டத்தின் 213ஆம் பிரிவு, கேட்டபோது கணக்குக் காட்டும் கடமையை முகவருக்கு விதிக்கிறது. 221ஆம் பிரிவு, தமக்கு வர வேண்டிய தொகை வரும்வரை முதல்வரின், அதாவது தம்மை அமர்த்தியவரின், தாள்களையும் பொருள்களையும் கையில் வைத்துக்கொள்ளும் உரிமையை அவருக்குத் தருகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விலகலின் வரிசை புலப்படும்: அலுவலகம் பணத்தைப் பிடித்துவைத்தால், முகவர் சீட்டுப் புத்தகத்தைப் பிடித்துவைப்பார், இடையில் அகப்பட்டு அவதிப்படுபவர் வாங்குபவரும் விற்பவரும்தான். இதில் மிகுந்த கவலைக்குரியவை மூலப்பத்திரங்கள். நில உடைமையாளர் நம்பிக்கையின் பேரில் முகவரிடம் கொடுத்துவைத்த மூலப்பத்திரம் அலுவலகத்தின் சொத்தன்று, முகவரின் பிடிமானப் பொருளுமன்று. கமிஷன் தகராறில் அதைப் பணயமாக வைப்பது எவ்வகையிலும் தகாத செயல். எந்தக் கணக்கையும் பேசும் முன்பாக மூலப்பத்திரங்கள் உரியவர் வீட்டுக்கே திரும்ப வேண்டும் என்பதில் மேலாளர் சிறிதும் விட்டுக்கொடுக்கவில்லை.

பவர் எனப்படும் பொது அதிகார ஆவணம் இன்னொரு சிக்கல். நில உடைமையாளர் தம் சார்பில் விற்கவும் கையெழுத்திடவும் ஒருவருக்கு எழுதிக் கொடுப்பது அது. அலுவலகங்கள் பெரும்பாலும் தம் மூத்த முகவர் பெயரில் அதை எழுதி வாங்கிவைத்திருந்தன. அந்த முகவர் விலகினால் அதிகாரமும் தானே விலகிவிடுவதில்லை. அதை எழுதிக் கொடுத்தவரே சார்பதிவாளர் முன் சென்று ரத்து ஆவணம் பதிய வேண்டும். முகவர் அந்த நிலத்தில் தம் பணத்தையும் போட்டிருந்தால், 202ஆம் பிரிவின்படி, அவருடைய நலனுக்கு ஊறு நேரும் வகையில் அதை ரத்து செய்யவும் இயலாது, அதற்கு மாறான உடன்பாடு வெளிப்படையாக இருந்தாலன்றி. ஆகவே ஒருவர் விலகுவதாகச் சொன்ன அன்றே அவர் பெயரில் நிற்கும் பவர்களை எடுத்து, எவை வெறும் அதிகாரம், எவற்றில் அவருடைய பணம் கிடக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. அவர் பணம் கிடந்தவற்றில் முதலில் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, பிறகே நில உடைமையாளரைப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துச் செல்வது வழக்கமாயிற்று.

ஆனால் பதிவு அலுவலகத்தில் ரத்தானது குப்பத்தில் ரத்தாகிவிடுவதில்லை. இதை அந்த அலுவலகத்துக்கு உணர்த்தியவர் ஏரிக்கரைக் குப்பம் ஒன்றைச் சேர்ந்த, கூடையில் மீன் விற்றுவந்த அம்மா ஒருவர். தம் மகள் பெயரில் அங்கீகாரமுள்ள ஒரு மனை வாங்க ஆசைப்பட்டு, சீட்டு எடுத்த பணத்தை அவர் தம் ஊர் முகவரிடம் தவணை தவணையாகக் கொடுத்துவந்தார். கடைசித் தவணை கொடுத்தபோது அந்த முகவர் விலகி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. பணம் அலுவலகத்துக்கு வரவில்லை என்று சொல்லப்பட்டதும் அவர் முந்தானையிலிருந்து சீட்டை எடுத்து மேசைமேல் வைத்து, "எங்க ஊருப் புள்ளைதான், இல்லன்னு சொல்லல, ஆனா சீட்டு உங்க ஆபீஸ் சீட்டு தானே சாமி? அது உங்கள விட்டுப் போன சேதிய எனக்கு யாரு வந்து சொன்னது?" என்று கேட்டார். அவர் கேட்டது சட்டத்தின் கேள்வியே. 208ஆம் பிரிவின்படி, முகவரின் அதிகாரம் முடிந்தது மூன்றாம் நபருக்குத் தெரியவரும்போதுதான் அவரைப் பொறுத்தவரை முடிகிறது. தெரியாமல் அவர் கொடுத்த பணம் அலுவலகத்துக்குக் கொடுத்த பணமே. அந்தத் தவணை வரவுவைக்கப்பட்டு, முகவருக்குச் சேர வேண்டிய கமிஷனில் கழித்துக்கொள்ளப்பட்டது. வலை வாங்க அவசரமாகப் பணம் தேவைப்பட்டதால் எடுத்துக்கொண்டதாகச் சொன்ன முகவரும் அதை மறுக்கவில்லை.

அதன்பின் அலுவலகம் கைக்கொண்ட முறை குப்பத்திலேயே முன்பிருந்து வருவது. படகில் பங்குக்குப் போகும் ஆள் வேறு படகுக்கு மாறும்போது, அவர் பழைய படகுக்காரரிடம் வாங்கியிருக்கும் முன்பணத்தைப் புதியவர் ஏற்றுத் தீர்ப்பது கடற்கரை ஊர்களின் வழக்கம். இறால் வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய மீனவர் வேறு வியாபாரிக்குச் சரக்குப் போடுவதற்கும் அதே ஒழுங்கு உண்டு. அது பலர் அறிய நடக்கும். மறைவில் நடந்தால் தகராறு ஊர்ப் பஞ்சாயத்துக்குப் போகும். அவ்வழக்கத்தை ஒட்டி, விலகும் முகவரும் அவருக்குப் பதிலாக வரும் முகவரும் மேலாளரும் சேர்ந்து குப்பத்துக்குச் சென்று, பெரியவர்கள் முன்னிலையில், இன்ன நாள் முதல் இவர் எங்களுக்காகப் பணம் வாங்கமாட்டார், இதுவரை இவரிடம் கொடுத்ததற்கு நாங்கள் பொறுப்பு, இனி இந்தப் புதியவரிடம் கேளுங்கள் என்று சொல்லி வந்தார்கள். நாளிதழில் பொது அறிவிப்புக் கொடுப்பதும் நடந்தது. அது நீதிமன்றத்துக்குப் பயன்படலாம், மீன் ஏலத்துறையில் நிற்பவர்களுக்கு எட்டாது. இவ்வாறு நேரில் சென்று சொல்வதில் முகவருக்கும் ஒரு நன்மை இருந்தது: அவர் துரத்தப்படவில்லை, கணக்கு முடித்துக் கௌரவமாக விலகுகிறார் என்பதை அவருடைய ஊர் கண்ணால் கண்டது.

பழவேற்காட்டுக்கு இந்தத் தொல்லை புதியதன்று. 1613இல் அங்கே கெல்திரியா கோட்டையைக் கட்டிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, நெசவாளர்களுக்கு முன்பணம் கொடுத்துத் துணி வாங்கும் வேலையைச் சின்னண்ணச் செட்டி போன்ற உள்ளூர்ப் பெருவணிகர்கள் வழியாகவே நடத்தியது. அவர்களுள் ஒருவர் விலகினாலோ இறந்தாலோ கம்பெனியின் முன்பணம் எங்கெங்கோ தறிகளில் தங்கிவிடும். அந்த இடரைப் பகிர்ந்தளிக்கவே பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சோழமண்டலக் கரையில் வணிகர்களைக் கூட்டுப்பங்காகச் சேர்த்து, கடனுக்குக் கூட்டாகப் பொறுப்பேற்கவைக்கும் ஏற்பாட்டுக்குக் கம்பெனி சென்றது. ஒரே முகவரின் கையில் ஒரு குப்பம் முழுவதையும் விட்டுவைக்காமல் இருவரைச் சேர்த்து அனுப்பும் பழக்கம் இந்த அலுவலகத்தில் பின்னர் ஏற்பட்டதும் அத்தகைய எண்ணத்தினால்தான்.

விலகியவர்கள் தனியே அலுவலகம் திறப்பதைத் தடுக்க வேண்டும் என்று உரிமையாளர்கள் பெரிதும் விரும்பினர். இத்தனை ஆண்டுகள் இத்தனை கிலோமீட்டருக்குள் தரகு செய்யக் கூடாது என்று எழுதி வாங்கும்படி மேலாளரிடம் சொல்லப்பட்டதும் உண்டு. ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, தொழில் செய்வதிலிருந்து ஒருவரைத் தடுக்கும் உடன்பாடு அந்த அளவுக்குச் செல்லாது என்று தெளிவாகச் சொல்வதால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. மேலும், தாம் பிறந்த குப்பத்தில் தரகு செய்யாதே என்று ஒருவரிடம் சொல்வது, அவர் உறவினரோடு பேசாதே என்று சொல்வதற்கு ஒப்பாகும். வாங்குபவர்களின் தொலைபேசி எண்கள் விஷயத்தில் மட்டும் அலுவலகம் உறுதியாக இருந்தது: அலுவலக விளம்பரத்தைப் பார்த்து வந்தவர்களின் பதிவேடு அலுவலகத்துக்குரியது, முகவர் தாமாக அழைத்துவந்தவர்கள் முகவருக்குரியவர்கள். இந்தப் பிரிவினை முதலிலேயே பதிவேட்டில் இருந்திருந்தால் எத்தனையோ கசப்பு நேர்ந்திருக்காது.

சம்பளப் பணியாளர்களின் விலகல் சட்டப்படி எளிது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947இன்படி, ஆறு மாதங்களுக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை செய்தவரைத் தக்க காரணமின்றியும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான சம்பளமோ கொடுக்காமலும் நீக்க முடியாது. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்தில் ஐந்தாண்டு முடித்தவருக்கு, அப்போது நடப்பிலிருந்த 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, ஆண்டொன்றுக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை சேர வேண்டியிருந்தது. ஆனால் மனத்தை மிகவும் வருத்தியவை இந்த விலகல்களே. தொலைபேசியில் வாடிக்கையாளர்களிடம் பேசிய பெண்கள் குப்பங்களிலிருந்தும் பழவேற்காட்டுப் பேட்டைத் தெருக்களிலிருந்தும் வந்தவர்கள். வீட்டில் சண்டையிட்டுப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள். பேருந்தில் போய்வரும் தொலைவில் ஒரு மேசை வேலை என்பதாலேயே அனுப்பப்பட்டவர்கள். அலுவலகம் சுருங்கியபோது முகவர்களுக்கு இன்னொரு அலுவலகம் இருந்தது, ஏரியும் இருந்தது. இப்பெண்கள் சிலர் பனையோலைப் பெட்டி முடையும் வேலைக்குத் திரும்பினர், சிலருக்கு அவசரமாகத் திருமணம் பேசப்பட்டது. அவர்களுக்கு அனுபவச் சான்றிதழ் எழுதிக் கொடுப்பதை வெறும் சடங்காகக் கருதாமல், செய்த வேலையை விரிவாகக் குறிப்பிட்டு, மீஞ்சூரிலும் பொன்னேரியிலும் உள்ள கடைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் மேலாளரே நேரில் சொல்லிவைத்ததில் சிலருக்கு வேலை கிடைத்தது. அனைவருக்கும் கிடைக்கவில்லை.

2017 மே மாதம் அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்தும் விதிகள் வெளிவந்தன. அதே ஆண்டு ஜூனில் தமிழ்நாட்டின் மனைவணிக ஒழுங்குமுறை விதிகள் வந்து, 2016ஆம் ஆண்டின் ஒன்றியச் சட்டப்படி, பதிவுக்குரிய திட்டங்களில் விற்பனைக்கு உதவும் முகவர் தாமும் பதிவுசெய்துகொள்ள வேண்டும், கணக்கேடுகளை முறையாகப் பேண வேண்டும் என்றாயிற்று. பதிவு எண் பெற்ற முகவருக்கு அலுவலகத்தின் நிழல் முன்போல் தேவைப்படவில்லை. ஆகவே தொழில் மீண்ட பிறகும் விலகல்கள் நிற்கவில்லை. எண்ணுடன் விலகியவர்களோடு கணக்குத் தீர்ப்பது எளிதாயிற்று, ஏனெனில் அவர்களுடைய ஏடுகளே அலுவலக ஏடுகளோடு ஒத்துப்பார்க்கத்தக்கவையாக இருந்தன.

2018இல் காட்டுப்பள்ளித் துறைமுகம் அதானி குழுமத்தின் கைக்கு மாறி, அதை வடக்கு நோக்கிப் பெரிதாக விரிவாக்கும் திட்டம் பேசப்பட்டபோது, ஏரிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள குப்பங்கள் அதைக் கடுமையாக எதிர்த்தன. கரை அரிப்பு கூடும், முகத்துவாரம் பாழாகும் என்பது அவர்களுடைய அச்சம். நிலம் காட்ட வரும் எவரும் துறைமுகத்தின் ஆளாகச் சந்தேகிக்கப்பட்ட அந்நாள்களில், நெடுங்காலம் வேலை செய்த முகவர் ஒருவர் அலுவலகத்துக்கு வந்து, சீட்டுப் புத்தகத்தையும் கையிலிருந்த படிகளையும் மேசைமேல் வைத்து, "அண்ணே, இனிமே எங்க ஊர்ப்பக்கம் நான் நிலம் காட்டமாட்டேன், காட்டுனா வீட்ல சோறு எறங்காது" என்றார். அலுவலகம் எந்தத் துறைமுகத்துக்கும் நிலம் வாங்கித் தரவில்லை என்பது அவருக்கும் தெரியும். அவரைத் தங்கவைக்க முயலும்படி உரிமையாளர் சொன்னபோதும் மேலாளர் முயலவில்லை. தம் ஊரின் பக்கம் நிற்பதற்காக வருமானத்தை விடும் ஒருவரிடம் கூடுதல் விழுக்காடு பேசுவது அவரை அவமதிப்பதாகும். அவருடைய பட்டியலில் இருந்த இரண்டு கிரயங்கள் பின்னர் பொன்னேரியில் பதிவாயின. அவற்றுக்கான பங்கை அலுவலகத்தில் வந்து வாங்க அவர் ஒப்பவில்லை. ஊர்ப் பெரியவர்கள் முன்னால் தர வேண்டும், இன்ன நிலத்துக்கு இன்ன கமிஷன் என்று சீட்டில் எழுதி, அதை உரக்கப் படித்துவிட்டுத் தர வேண்டும் என்று கேட்டார். அவ்வாறே எழுதி, படித்து, கொடுக்கப்பட்டது.